கேட்பவர் திரும்பப் பேசட்டும்

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீ அனுப்பிய ஒலிக்கோப்புகளை எல்லாம் கேட்டு முடித்தேன். மாங்குளம் கல்வெட்டைப் பற்றிய பகுதியை உன் பெரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். 1882-ல் இராபர்ட் சுவெல் கண்டெடுத்தது, கல்லில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பது, அந்தப் படுக்கைகளைச் சமணத் துறவிக்கு வெட்டிக் கொடுத்தது என்று நீ சொல்லிக்கொண்டே போன விதம் அவளுக்குப் பிடித்துப்போய், "இவ்வளவும் நம்ம மேலூர்ப் பக்கமா?" என்று இரண்டு முறை கேட்டாள். பாடம் நன்றாக இருக்கிறது, தாயி. அதைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை.

நீ கேட்டிருப்பது வேறு. பதிவு செய்தாகிவிட்டது, இனி எங்கே போடுவது, எப்படிப் பரப்புவது, யார் கேட்பார்கள் என்று கேட்டிருக்கிறாய். எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் எண்ணைத் தினமும் பார்த்து மனம் சோர்ந்துபோவதாகவும் எழுதியிருக்கிறாய். வானொலியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

1956-ல் புனே பகுதியில் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஒரு சோதனை செய்தன. சுமார் 150 கிராமங்களில் 'வானொலி மன்றம்' என்று சிறு குழுக்கள் அமைத்தார்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள். குழுவினர் ஓரிடத்தில் கூடிக் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் அதைப் பற்றிப் பேச வேண்டும். பேசியதையும் எழுந்த கேள்விகளையும் எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் அவற்றுக்குப் பதில் வரும். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன்றம் இருந்த ஊர்களில் விவசாயம், சுகாதாரம் பற்றிய அறிவு நன்றாகவே கூடியிருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அந்த அளவுக்கு இல்லை. எல்லாரும் கேட்டது ஒரே நிகழ்ச்சியைத்தான். கூடிக் கேட்டதும் திரும்பப் பேசியதும்தான் வித்தியாசம்.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. தஞ்சாவூர் விவசாயிகளுக்கு அதைப் பற்றி விடாமல் சொன்னது திருச்சி வானொலி நிலையம். விதைப்பு, உரம், பூச்சி என்று ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த வேலை நடக்கும் சமயத்தில் அதற்கான பேச்சு வந்தது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்வி ஒலிபரப்பு வெற்றி பெற்றதற்கு அதைவிடப் பெரிய பட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை. மாலையில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் மறுநாள் வரப்பில் நின்று அதையே பேசினார்கள். பரப்பும் வேலையில் பெரும்பங்கு அந்த வரப்பில் நடந்தது.

எனவே உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: உன் நிகழ்ச்சியைத் தனித்தனிக் காதுகளுக்கு அனுப்புவதாக நினைக்காதே. கூடி உட்கார்ந்து கேட்கும் குழுக்களுக்கு அனுப்பு. அவர்கள் பேசுவது உன்னிடம் திரும்பி வரப் பாதை போடு.

முதல் குழு உன் கையிலேயே இருக்கிறது: நீ பாடம் நடத்தும் வகுப்பு. பள்ளியில் ஒரு பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். உன் பகுதிகள் இப்போது அரை மணி நேரம் ஓடுகின்றன. அதைப் பதினைந்து நிமிடத்துக்குள் கொண்டுவந்தால், கேட்டு முடித்தபின் பிள்ளைகள் பேசுவதற்கு அரைப் பாடவேளைக்கு மேல் மிஞ்சும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரே ஒரு கேள்வி வை. புத்தகத்தில் விடை கிடைக்கும் கேள்வி வேண்டாம். 'உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை? அவற்றின் பெயர் என்ன? வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்' என்பது போல இருக்கட்டும். பதிலை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல். அடுத்த பகுதியின் தொடக்கத்தில் அந்தக் குரல்களில் இரண்டு மூன்றைப் போடு. தன் குரலோ தன் தாத்தாவின் குரலோ வரும் பகுதியை ஒரு பிள்ளை தெருவில் யாருக்கெல்லாம் போட்டுக் காட்டும் என்று யோசித்துப் பார். எந்த விளம்பரமும் அந்த வேலையைச் செய்யாது.

அந்தக் குரல்களைப் பயன்படுத்தப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடு. பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, வீடு இருக்கும் தெரு மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் வரக் கூடாது. முதற்பெயரும் ஊரும் போதும். இதில் விட்டுக்கொடுக்காதே.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களில் நான்கைந்து பேரைப் பிடி. ஆயிரம் பேர் இருக்கும் ஆசிரியர் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடாதே. ஒவ்வொருவரிடமும் நேரில் பேசி, 'எட்டாம் வகுப்புக்கு இந்த வாரம் இதைப் போட்டுப் பாருங்கள், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்' என்று கேள். பள்ளிக்கு வெளியேயும் கூடும் இடங்கள் உண்டு. மகளிர் குழுக் கூட்டம் இருக்கிறது. நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பசுமை நடைக்காரர்களைப் பார். யானைமலையைக் குடைய வந்தபோது 2010-ல் எழுந்த எதிர்ப்பிலிருந்து கிளைத்து, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று நடத்தும் அந்த நடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நூற்றுக்கணக்கானோர் மலையேறி, தொல்லியல் அறிஞர் வேதாசலம் போன்றவர்கள் சொல்வதைப் பாறையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு வரலாறு கேட்கப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் அந்தக் காட்சியைப் போய்ப் பார்க்கச் சொல். உன்னுடைய நேயர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். நடைக்கு முந்தைய வாரம் அந்த மலையைப் பற்றிய உன் பகுதி அவர்கள் கையில் இருந்தால், ஏறும்போதே பாதி தெரிந்து ஏறுவார்கள்.

இனி வெளியிடும் முறைக்கு வருகிறேன். நீ ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக ஏற்றிவிட்டு அதோடு முடிந்தது என்று இருக்கிறாய். அதை மாற்ற வேண்டும்.

பாட்காஸ்ட் என்பதன் அடிப்படை ஆர்.எஸ்.எஸ். ஓடை. 2000களின் தொடக்கத்தில் டேவ் வைனர் போன்றவர்கள், செய்தி அனுப்பும் ஓடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்ப வழி செய்தார்கள். 2005-ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் அதை ஏற்றுக்கொண்டபின் உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் ஆப்பிள் பொதுவாக உன் கோப்பை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. உன் ஓடையைப் படித்துக் காட்டுகிறது. ஆகவே கோப்புகளை ஓர் இடத்தில் வைத்து, ஓடையின் முகவரியை ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் எல்லாவற்றுக்கும் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். புதிய பகுதியை நீ ஓர் இடத்தில் ஏற்ற, மற்ற இடங்களுக்கு அது தானே போய்ச் சேரும்.

அந்த ஓடை உன் பெயரில், உன் மின்னஞ்சலில், முடிந்தால் நீயே வாங்கிய இணைய முகவரியில் இருக்க வேண்டும். வேறு சேமிப்பகத்துக்கு மாறும் நாளில் பழைய ஓடையிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வசதி தருகிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள். கூகுள் பாட்காஸ்ட்ஸை நம்பியிருந்தவர்கள் கோடிக்கணக்கானோர். 2024-ல் அதை மூடிவிட்டார்கள். ஆங்கர் என்ற இலவசச் சேவையை ஸ்பாட்டிஃபை 2019-ல் வாங்கியது, 2023-ல் பெயரை மாற்றியது. தன் ஓடையைத் தன் கையில் வைத்திருந்தவர்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. நேயர்கள் வேறு செயலிக்குப் போய் அதே நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்டார்கள்.

இதற்கு நம் ஊர்ப் பெயரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் சேர்ந்து 'மதுரைத் திட்டம்' தொடங்கினார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, காசு வாங்காமல் இணையத்தில் வைத்தார்கள். தொடக்கத்தில் ஓர் எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று தொழில்நுட்பம் மாறிக்கொண்டே வந்தது. எழுத்துகளின் மூலப்படி அவர்கள் கையில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் புதிய வடிவுக்கு மாற்றிக்கொண்டார்கள். நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. உன் மூலப்பதிவுகளையும் அப்படி வைத்துக்கொள்: வெட்டி ஒட்டாத முழுப் பதிவு ஒன்று, முடித்த பதிவு ஒன்று, இரண்டையும் இரண்டு வன்தட்டுகளில், வெவ்வேறு வீடுகளில். ஒன்றை எங்கள் வீட்டு அலமாரியில் வைக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக ஒரு படியை ஏற்றிவை; ஆனால் அதை மட்டும் நம்பாதே. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி அதுவே சில நாள் முடங்கிக் கிடந்தது.

உரிமம் பற்றியும் முடிவு செய்துகொள். பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடு என்பது என் கருத்து. கணியம் அறக்கட்டளையும் அவர்களுடைய இலவசத் தமிழ் மின்னூல் தளமும் அந்த வழியில்தான் இத்தனை நூல்களைப் பரப்பின. அப்படிச் செய்தால் சமுதாய வானொலிகள் உன் நிகழ்ச்சியை எடுத்து ஒலிபரப்பலாம். 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் அத்தகைய நிலையங்கள் பல வந்துவிட்டன. நல்ல நிகழ்ச்சிக்கு அவர்கள் எப்போதும் காத்திருக்கிறார்கள். அந்த உரிமத்தில் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் எல்லாம் உன்னுடையதாக இருக்க வேண்டும். முகப்பில் நீ போட்டிருக்கும் சினிமாப் பின்னணி இசையை எடுத்துவிடு. உன் மாணவிகளில் பறையோ உறுமியோ வாசிக்கத் தெரிந்தவள் இருந்தால் பத்து விநாடி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்.

அடுத்தது வாட்ஸ்அப். நம் பக்கத்தில் ஒலி அதில்தான் பயணம் செய்கிறது. பாட்காஸ்ட் செயலி வைத்திருப்பவர்கள் சிலர். வாட்ஸ்அப் இல்லாத வீடு அரிது. ஆகவே இணைப்பை மட்டும் அனுப்பாமல் கோப்பையே அனுப்பு. பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சிக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் போதும். பதினைந்து நிமிடம் ஏழு எம்.பி. அளவில் முடிந்துவிடும். ஒலியாக அனுப்பினால் கோப்பின் பெயர் அழிந்து, தேதியும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்கு நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. ஆவணமாக அனுப்பினால் நீ வைத்த பெயர் அப்படியே நிற்கும். அப்படியும் கை மாறும்போது தொலைந்துபோகும் என்பதால், நிகழ்ச்சியின் பெயர், பகுதி எண், முழுத் தொடரும் கிடைக்கும் இடம் மூன்றையும் முதல் இருபது விநாடிக்குள் உன் வாயாலேயே சொல்லிவிடு. குரலில் சொன்னதை யாரும் கழற்ற முடியாது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாது, பலமுறை கை மாறியது என்றால் ஒருவருக்கு மட்டும்தான் என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதில் நமக்கு வருத்தம் வேண்டாம். ஐந்து பேர் கேட்டு, ஆளுக்கு ஐந்து பேருக்குத் தெரிந்தே அனுப்புவதைத்தான் நாம் விரும்புகிறோம்.

எந்த நேரத்தில் அனுப்புகிறாய் என்பதும் முக்கியம். நம் ஊரில் மல்லிகை பறிக்கும் பெண்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள். இடுப்பில் செருகிய போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கையும் கண்ணும் வேலையில், காது மட்டும் சும்மா. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பேருந்தில் வரும் கல்லூரிப் பிள்ளைகளும் அப்படித்தான். இரவு ஒன்பது மணிக்கு அனுப்பிவிடு. காலையில் அவர்கள் கையில் இருக்கும்.

பார்வையற்ற நேயர்களை மறந்துவிடாதே. சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இயங்குகிறது. பாடங்களை ஒலிவடிவில் கேட்டே படித்து மேலே வந்தவர்கள் அங்கே பலர். உன் தொடரை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கே புரியவில்லை என்று கேட்டு வா. சமணர் மலைப் பகுதியில் நீ 'இப்படித் திரும்பினால் இதோ தெரிகிறது' என்று சொல்கிறாய். என்ன தெரிகிறது? கீழக்குயில்குடியில் அடிவாரத்துத் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பணசாமி கோயில், பேச்சிப்பள்ளத்துக்கு ஏறும் படிகள், செட்டிப்புடவில் அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம்: ஒவ்வொன்றாகச் சொல். கண் தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கும் புரியும்.

மலையடிவாரங்களில் கியூஆர் குறியீடு ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல யோசனைதான். ஆனால் பாறையிலோ பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் பலகையிலோ ஒட்டாதே. ஊர்க்காரர்களிடம் சொல்லி டீக்கடையிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டு. கடைக்காரருக்கு முதலில் போட்டுக் காட்டு. வருகிறவர்களிடம் அவரே எடுத்துச் சொல்வார்.

ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்துவடிவைக் கட்டாயம் போட வேண்டும். தேடுபொறி பெரும்பாலும் எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஒலி மட்டும் இருந்தால் உன் பகுதி அதன் கண்ணில் படுவது கடினம். 'பகுதி 4: காலத்தால் அழியாத கல்' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். அழகுதான், ஆனால் அதை யாரும் தேட மாட்டார்கள். 'மாங்குளம் தமிழிக் கல்வெட்டு: யார் வெட்டியது?' என்று வை. நம் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லையும் ரோமன் எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள் என்பதால், ஊர்ப் பெயர்களை அந்த எழுத்திலும் விளக்கக் குறிப்பில் ஒருமுறை எழுதிவிடு.

கேட்டவர் எண்ணிக்கை குறைவு என்று சோர்ந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். அப்போது செய்தித்தாளில் ஒரு நாள் வந்தது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது தெரிந்ததும் மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்த இரண்டு மாதமும் தமிழ்நாடு முழுக்க அரிட்டாபட்டி என்ற பெயரைத் தேடியது. அங்கே என்ன மலை, என்ன கல்வெட்டு, என்ன குடைவரை, எத்தனை சுனை என்று பொறுமையாகச் சொல்லும் ஒலித்தொடர் ஒன்று அதற்கு முன்பே தயாராக இருந்திருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! கல்வி நிகழ்ச்சிக்கு அப்படி ஒரு நாள் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. நீ இப்போது போடும் பகுதியை ஐந்து பேர் கேட்டாலும் அது அங்கேயே இருக்கும். தேவை வரும் நாளில் ஐயாயிரம் பேர் கேட்பார்கள். எனவே எண்ணை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்க்க வேண்டியது உனக்கு வந்த குரல் பதில்களை. ஒரு பகுதிக்கு இருபது குரல் வந்தால் அந்தப் பகுதி தன் வேலையைச் செய்துவிட்டது என்று நான் சொல்வேன்.

பயிற்சி மையக்காரர் ஒருவர் விளம்பரம் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், தாயி. பத்தாம் வகுப்புப் பிள்ளை உன்னை நம்பிக் கேட்கிறது. அந்த நம்பிக்கையின் நடுவில் ஒருவர் வந்து கட்டண வகுப்புக்குக் கூப்பிடக் கூடாது. நீ அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் வருமானம் வரும் எதற்கும் துறையிடம் முன்அனுமதி கேட்க வேண்டும் என்பதும் இருக்கிறது. இணைய முகவரிக்கும் சேமிப்பகத்துக்கும் ஆண்டுக்கு ஆகும் செலவை நானும் உன் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். நல்ல மைக் ஒன்று வாங்க ஆசைப்பட்டாயே, அது தீபாவளிக்கு.

இப்போது மார்ச் முடியப்போகிறது. பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம், யாரையும் தொந்தரவு செய்யாதே. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது மூலப்பதிவுகளை எல்லாம் எடுத்து வா. ஓடையை உன் பெயருக்கு மாற்றும் வேலையை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடலாம். மே மாதத்தில் பழைய பகுதிகளைப் பதினைந்து நிமிடத்துக்குச் சுருக்கி, எழுத்துவடிவு எழுதி, தலைப்புகளை மாற்று. ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் கண்மாய்ப் பகுதியைப் போடு, மலைகள் பிறகு வரட்டும். கண்மாய் எல்லாப் பிள்ளைகளின் ஊரிலும் இருக்கிறது, கேள்விக்குப் பதிலும் எளிதாக வரும். முதல் பதிலாக உன் பெரியம்மா தன் பிறந்த ஊர்க் கண்மாயின் மடைப் பெயர்களைச் சொல்கிறேன் என்கிறாள். ஏழு மடை, ஆறாவதன் பெயருக்காகத் தன் அண்ணனுக்கு இப்போதே போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா